அஞ்சு நாப்பது

"அஞ்சு நாப்பது தீந்து போச்சுங்களே அக்கா" என்று கடைக்காரர் சொன்னதும் மரகதத்துக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அப்பாடா என்று மூச்சை விட்டுவிட்டாள். விட்ட பிறகுதான், நான் எதற்கு அப்பாடா என்றேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கேட்டதும் காது மடல் சுட்டது. பக்கத்தில் யாருக்கோ கேட்டுவிட்ட மாதிரி முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். சிங்காநல்லூரில் பஸ் ஏறினதிலிருந்து அஞ்சு நாப்பது, அஞ்சு நாப்பது என்று சொல்லிக்கொண்டே வந்தவள். பஸ்ஸில் உட்கார்ந்தால் வாய் தானாக அம்பாள் பேரைச் சொல்லும், அதுதான் பழக்கம், இன்றைக்கு அம்பாளை ஓரமாக உட்கார வைத்துவிட்டு அந்த நம்பர் நாக்கில் ஏறிக்கொண்டது. கண்டக்டர் வந்து நின்றபோதுகூட "காந்திபுரம் அஞ்சு" என்று சொல்லிவிட்டாள், "அஞ்சு பேருங்களா?" என்று அவர் பின்னால் எட்டிப் பார்த்தார், "இல்லீங், ஒருத்திதான்" என்றதற்குப் பக்கத்து சீட்டுப் பெண்பிள்ளை சிரித்தாள். மகள் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான். "இஞ்சின் ஆயில், அஞ்சு டபிள்யூ நாப்பதும்மா. நாலு லிட்டர் டின் ஒண்ணு, ஒரு லிட்டர் ஒண்ணு. வேற எதையாச்சும் தலையில கட்டப் பாப்பாங்க, வாங்கீராத." வாங்கீராத. மகள் வாயாலேயே சொன்னதுதானே. இல்லை என்றால் இல்லைதான். இப்படியே திரும்பி நடந்து பஸ் ஏறினால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. பொய்யில்லை, ஏமாற்றில்லை, கடையில் சரக்கில்லை. வீட்டு போர்ட்டிக்கோவில் நாலு முட்டுக்கட்டை மேல் ஏறி நிற்கிற மகளின் அந்தச் சிவப்புக் காரின் வயிற்றிலிருந்து பழைய ஆயிலை எல்லாம் காலையிலேயே இறக்கியாயிற்று. புது ஆயில் ஊற்றாமல் அது அசையாது. நாளை ஞாயிற்றுக்கிழமை. ரேஸ் ட்ராக்கில் மற்ற வண்டிகள் சுற்றிக்கொண்டிருக்கும், இவள் பிள்ளை வீட்டில் உட்கார்ந்து கறிக்குழம்பு சாப்பிடும். இதைவிட ஒரு தாய்க்கு என்ன வேண்டும். ஆனால் கால் நகரவில்லை. மேலே ஃபேன் டக் டக்கென்று சுற்றியது, கடை முழுக்க ரப்பரும் கிரீஸும் கலந்த ஒரு வாசம், மகள் ஊருக்கு வந்தால் வீட்டில் வருமே, அதே வாசம்.

மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டாள் கழுதை. வேலை பார்க்கிற பெங்களூரில் ஆயில் டின்னை வாங்கி, பத்திரமாகக் கதவோரம் வைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். இங்கே வந்து பழைய ஆயிலை இறக்கின பிறகு டிக்கியைத் திறந்து பார்த்தால் டின் இல்லை. "அம்மா!" என்று போர்ட்டிக்கோவிலிருந்து ஒரு கூப்பாடு. ஆறாம் வகுப்பில் ஜாமெட்ரி பாக்ஸை மறந்துவிட்டு ஸ்கூல் வேனில் ஏறி ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாளே, அதே கூப்பாடு. அன்றைக்கு மரகதம் பரீட்சை மணி அடிப்பதற்குள் போய்விட வேண்டுமென்று இரண்டு பஸ் மாறி ஓடினாள், வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை, கம்பி வழியாகவே நீட்டினாள், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் கை வந்து வாங்கிக்கொண்டு ஓடியது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போது யோசித்தாளா, இதைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று? இன்றைக்கு மட்டும் ஏன் யோசனை. இன்றைக்கு அந்தக் கை பெரிதாகிவிட்டது, முழங்கை வரை கறுப்புப் பிசுக்கு, பிரேக் கட்டையைக் கழற்றிக்கொண்டே "நீ போயிட்டு வந்துர்றியாம்மா, நான் இப்படியே பஸ்ல ஏறினா டிரைவர் எறக்கி விட்டுருவாரு" என்றாள். கருணாம்பிகை என்று பேர் வைத்தது மரகதம்தான். அவினாசி அம்பாள் பேர். பிள்ளையை முதலை விழுங்கி, பல வருஷம் கழித்து அந்த முதலையே வாயைத் திறந்து, வளர்ந்த பிள்ளையாகத் திருப்பிக் கொடுத்த ஊர் அது. கர்ப்பமாக இருந்தபோது அந்தக் குளத்தங்கரையில் உட்கார்ந்து கும்பிட்டதற்குப் பிறந்தவள். இப்போது ஹெல்மெட்டில் கருணா என்று மூன்றே எழுத்து. மற்ற எழுத்தெல்லாம் எங்கே போயிற்று சாமி என்று கேட்டதற்கு, "வேகத்துல பறந்துருச்சும்மா" என்று சிரித்தாள். விளையாட்டுக்குச் சொன்னதுதான். அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

தப்பு காலையிலேயே நடந்துவிட்டது. உறுத்துவது அதுதான், ஆயில் அல்ல. கிணறு வெட்டுவதானாலும் பெண் எடுப்பதானாலும் அம்மனிடம் பூக் கேட்காமல் இந்தப் பக்கத்தில் யாரும் கையை வைக்க மாட்டார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து நூல் சுற்றி ஆத்தா காலடியில் போட்டுக் கலக்கிவிட்டு, பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்துத் தருவார். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் வேண்டாம். மரகதமும் விடிந்ததும் குளித்துவிட்டு, பச்சைக் கரை போட்ட இந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போய்க் கேட்டாள். நாளைக்கு என் பிள்ளை வண்டி ஓட்டலாமா தாயே. வெள்ளை வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டியதுதானே. வரவில்லை. "இன்னொருக்காக் கேக்கலாமுங்களா?" என்றாள். பூசாரி நிமிர்ந்து பார்த்தார். "ஏனுங் அம்மிணி, ஆத்தாளுக்குக் காது கேக்காதுங்களா?" "இல்லீங், எனக்கு மனசு வேற பக்கம் இருந்துது, சரியாக் கேக்கலை." மனசு வேறு பக்கம் இல்லை, அதே பக்கம்தான் இருந்தது, அந்த ஒரே பக்கம்தான் அதற்கு உண்டு. அவர் மறுபடி கலக்கினார். சிவப்பு வந்தது. "இப்ப இதுல எதை வெச்சுக்குவீங்க?" என்று இரண்டு பொட்டலத்தையும் அவள் கையிலேயே வைத்துவிட்டு அடுத்த ஆளுக்குத் திருநீறு கொடுக்கப் போய்விட்டார். வாங்கி முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள். அது இப்போதும் இடுப்பில் இருக்கிறது, விரல் தானாகப் போய் அந்த முடிச்சைத் தொடுகிறது, உள்ளே இரண்டு இலைப் பொட்டலம், ஒன்று போகட்டும் என்கிறது, ஒன்று வேண்டாம் என்கிறது, இரண்டும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடக்கின்றன. ஒரு தரம் கேட்டிருந்தால் பதில் இருந்திருக்கும். இரண்டு தரம் கேட்டதால் கேள்விதான் மிச்சம். அப்புறம் இங்கே வந்தால் கடைக்காரர் தீந்து போச்சு என்கிறார். இது மூன்றாவது பூவோ? ஆத்தாளே மனசிறங்கி, சரி போ, இதற்குமேல் உன்னோடு முடியாது என்று ஆயிலைத் தீர்த்து வைத்துவிட்டாளோ?

"ஏனுங்கக்கா, உக்காருங்க, வெய்யல்ல வந்திருக்கறீங்க" என்று ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார் கடைக்காரர். சென்னியப்பன் என்று போர்டில் பார்த்தாள். "நாளைக்கு ட்ராக்கு நாளில்லீங்களா, நேத்தே வந்து ஆளாளுக்கு அள்ளிட்டுப் போயிட்டாங்க. முப்பது இருக்குது, அறுபது இருக்குது, அம்பதுல நாலு லிட்டரும் ஒரு லிட்டருமா ஒரே ஒரு செட்டு இருக்குது. பையனுக்குங்களா?" "பொண்ணுக்குங்." "அப்படிப் போடுங்க. பொண்ணுன்னா அறுபதே போடச் சொல்லுங்க. ரேஸ்காரங்களுக்கெல்லாம் இதுதானுங். நல்லா கெட்டியா இருக்கும், இஞ்சினை அப்படியே தாங்கும். நம்பர் பெருசா இருந்தா நல்லதுதானுங்களே?" அப்படித்தான் மரகதத்துக்கும் தோன்றியது. பெரிய நம்பர், கெட்டி, தாங்கும். மார்கழியில் பிள்ளைக்கு ஒரு கம்பளி போதுமென்று எல்லோரும் சொல்லும்போது மேலே இன்னொன்று போர்த்துகிறவள் அவள். காலையில் பார்த்தால் பிள்ளை வேர்த்து, இரண்டையும் உதைத்துத் தள்ளிவிட்டு, வெறும் தரையில் கிடக்கும். செல்போனை எடுத்து மகளுக்குப் போட்டாள். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. எங்கே அடிக்கும் என்று தெரியும், அந்த வண்டி சீட்டின் மேல், கதவைச் சாத்திய கண்ணாடிக்குள்ளே. அவள் வண்டிக்கடியில் படுத்திருப்பாள், இரண்டு கால் மட்டும் வெளியே தெரியும். காலை மட்டும் பார்த்தால் பயமாயிருக்கிறது என்று மரகதம் ஒரு தரம் சொன்னாள், அதிலிருந்து அம்மா அந்தப் பக்கம் வரும் சத்தம் கேட்டால் கட்டை விரலை ஆட்டிக் காட்டுவாள், நான் இருக்கிறேன் என்று.

எண்ணெய் தேய்த்த குழந்தை கையில் நிற்காது. நீட்டின காலில் போட்டு, தேங்காய் எண்ணெயை லேசாகச் சுடவைத்து, முதலில் தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, சூடு சரி என்று தெரிந்த பிறகுதான் அந்த முதுகில் தொடுவாள். தேய்க்கத் தேய்க்கப் பிள்ளை மீன்குஞ்சு மாதிரி வழுக்கும், அள்ளித் தூக்கும்போது ஒவ்வொரு தரமும் நெஞ்சு ஒரு தட்டுத் தட்டும், விழுந்துவிடுமோ. விழவில்லை. ஒரு தரமும் விழவில்லை. எண்ணெய் வழுக்கத்தானே செய்யும், வழுக்காத எண்ணெயை வைத்து என்ன செய்ய. அதைத்தான் மகளும் சொன்னாள், போன பொங்கலுக்கு வந்தபோது. "உள்ள ரெண்டு இரும்பும்மா, நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்குல சுத்துது, ஒண்ணையொண்ணு தொடவே கூடாது. நடுவுல ஆயில் ஒரு தோல் மாதிரி நிக்குது. உன் பாஷையில சொல்லணும்னா, வடைச்சட்டியில எண்ணெயைப் பாத்திருக்கியே, ஊத்தறப்பக் கெட்டியா விழும், காஞ்சிருச்சுன்னா தண்ணியா ஓடும். ரோட்டுல போறப்ப அவ்வளவு காயாது. ட்ராக்குல காயும். வளைவுல வேற ஆயிலெல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கும். அப்பத் தோல் கிழிஞ்சுதுன்னா இரும்பும் இரும்பும் ஒட்டிக்கும்." "ஒட்டினா?" "நின்னுரும்." "வேகமாப் போறப்பவா?" அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. கப்பில் இருந்த காப்பியை ஒரு சுற்றுச் சுற்றினாள், பேச்சை மாற்றினாள். அந்தப் பேசாத இடம் இருக்கிறதே, அது ஒரு முள். எந்த வேலை செய்தாலும் சேலை அதில் மாட்டிக்கொள்கிறது. பாத்திரம் கழுவினாலும், பூ கட்டினாலும், கண்ணை மூடிக் கும்பிட்டாலும், வேகமாப் போறப்பவா, வேகமாப் போறப்பவா. இந்தப் பிள்ளையின் அப்பா இருந்தாரே, ஆறுமுகம், நாற்பதுக்கு மேல் ஸ்கூட்டர் முள் ஏறியதே இல்லை. மாட்டு வண்டி தாண்டிப் போனால்கூடப் போகட்டும் என்று வழி விடுகிற மனுஷர். அவரை எந்த வேகமும் கொண்டுபோகவில்லை. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார், பேப்பர் மடியில் அப்படியே இருந்தது, மரகதம் காப்பி கொண்டுவந்து எழுப்பினாள். அவ்வளவுதான். வீட்டுக்குள், ஃபேன் காற்றில், கட்டிலில். அப்படியிருக்கும்போது வீட்டில் உட்கார்ந்து கறிக்குழம்பு சாப்பிட்டால் பிள்ளை பத்திரம் என்று எந்த ஆத்தாள் எழுதிக் கொடுத்தாள்? இந்த நினைப்பு வந்ததும், சே, நல்ல நாளும் அதுவுமாய் என்ன நினைப்பு இது என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அப்போது ஒருவர் படியேறி வந்தார். தொப்பை, நரைத்த மீசை, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி. "சென்னீ, அம்பது வெச்சிருக்கயா, அதக் குடு. நாப்பது எவனோ ஒருத்தன் முழுசா எடுத்துட்டுப் போயிட்டானாமே." "நீங்கதானுங் டாக்டர் நேத்து வந்து எடுத்தீங்க." "அது ஒரு வண்டிக்கு. எனக்கு ரெண்டு வண்டி இருக்குதுல்ல." கடைக்காரர் மரகதத்தைக் காட்டினார். "இந்த அக்கா முதல்ல வந்தாங்க, அவங்க வேண்டாம்னா எடுத்துக்கங்க." டாக்டர் திரும்பிக் கும்பிட்டார். பல் டாக்டராம். இந்த வயசில், இந்தத் தொப்பையோடு இவரும் ஓட்டுகிறாரா என்று மரகதத்துக்கு ஆச்சரியமாக இருந்தது. "நாளைக்கு உங்க வீட்லருந்து யாருங்க வர்றாங்க?" "எம் பொண்ணுங். கருணாம்பிகை." "எந்தக் கருணாம்பிகை... சிவப்பு வண்டி கருணாவா? அட, நீங்க அவங்கம்மாவா! அம்மா, உங்க புள்ளையால எம் மானமே போச்சு. போன தடவை நாலு சுத்தா எம் பின்னாலயே வந்துச்சு. அங்க நம்ம அவினாசி ரோடு மாதிரி ஆரன் அடிச்சுட்டு உள்ள பூந்துர முடியாதுங். முன்னால போறவன் கையை நீட்டி வழி காட்டினாத்தான் பின்னால வர்றவங்க தாண்டலாம். நானும் வீறாப்பா நீட்டாமயே போறேன், அதுவும் பொறுமையா வந்துட்டே இருக்குது. கடைசியில எனக்கே வெக்கமாயிருச்சு, கையை நீட்டிட்டேன். தாண்டிப் போச்சு. போறப்பத் தலையைக் குனிஞ்சு ஒரு கும்பிடு." அவர் சிரித்தார், கடைக்காரரும் சிரித்தார். மரகதம் சிரிக்கவில்லை. நாலு சுற்றுப் பொறுமையாகப் பின்னாலேயே வந்தாளாமே. இவள் மனசில் அந்த ட்ராக் என்பது ஒரு முதலை, வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது, பிள்ளை அதற்குள் போகிறாள், அவ்வளவுதான். அதற்குள்ளே கை நீட்டுகிறவர்கள் இருப்பார்கள், காத்திருக்கிறவர்கள் இருப்பார்கள், பெரியவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிற பிள்ளை தன் பிள்ளையாகவே இருப்பாள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. வாம்மா, ஒருக்கா வந்துதான் பாரேன் என்று எத்தனை தரம் கூப்பிட்டிருக்கிறாள். ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு சாக்கு. பிரதோஷம், கால் வலி, பால்காரர் வருவார்.

"என்னங்கக்கா, அறுபதே கட்டிரட்டுங்களா? ரெண்டு மணிக்குச் சாத்தீருவேன், நாளைக்கு லீவு." மரகதம் வாயைத் திறந்தாள். இல்லீங், நாப்பது இல்லாட்டி வேண்டாமுன்னு சொல்லியிருக்கறா, என்று சொல்லத்தான் திறந்தாள். சொன்னால் முடிந்தது. டாக்டர் அம்பதை எடுத்துக்கொண்டு போய்விடுவார், கடை சாத்திவிடும், வண்டி முட்டுக்கட்டையிலேயே நிற்கும். வீட்டுக்குப் போய், இல்லைன்னுட்டாங்க கண்ணு என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது மகள் முகம் எப்படி இருக்கும்? கோபம் வராது அவளுக்கு. அதுதான் கஷ்டம். "பரவால்ல விடும்மா, வெய்யல்ல அலைஞ்சியே" என்பாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாள். கறிக்குழம்பு நல்லாருக்குதும்மா என்பாள். ராத்திரி போர்ட்டிக்கோ லைட்டைப் போட்டுவிட்டு அந்த வண்டிப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா நிற்பாள், அப்பா ஸ்கூட்டரை விற்ற அன்றைக்கு நின்றாளே அந்த மாதிரி. மரகதம் ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும், ஒரு பொய்யும் சொல்லாதவளாக. அந்தக் குழம்பு தொண்டையில் இறங்குமா? அம்பது, அம்பது. இந்தச் சொல் எங்கேயோ மாட்டுகிறது. அம்பதில் ஒரே ஒரு செட்டு என்று கடைக்காரர் சொன்னபோதே எங்கேயோ மாட்டியது. அம்பது போட்டா. அம்பது போட்டாத் தாங்கும். யார் சொன்னது? தோசைக்கல் சத்தம். ஆமாம், தோசைக்கல். பொங்கல் கழிந்த ட்ராக் நாள் முடிந்து சாயங்காலம் வந்தாள், முகமெல்லாம் புழுதி, சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு காலை ஆட்டிக்கொண்டே பேசினாள், மரகதம் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். "ஆறாவது சுத்துலயே ஆயில் சூடு எங்கியோ போயிருச்சும்மா, நான் மெதுவாக்கிட்டு வெளிய வந்துட்டேன். நாப்பது அந்தச் சூட்டுக்குப் பத்தறதில்லை. அஞ்சு அம்பது போட்டாத் தாங்கும், ஆனா நம்மூர்ல அது கண்ணுல படறதே இல்லை. அறுபது கெடைக்கும், அது இந்த இஞ்சினுக்கு ரொம்பக் கெட்டி. உள்ள வழியெல்லாம் ஊசி முனையாட்டம் சின்னச் சின்னது, கெட்டியா இருந்தா வேணுங்கற எடத்துக்கு வேணுங்கறப்பப் போய்ச் சேராது." அன்றைக்கு மரகதம் என்ன சொன்னாள்? சட்னி போதுமா கண்ணு என்றாள். கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்றே தெரியாது அவளுக்கு. இந்தப் பேச்சையெல்லாம் வாசலோடு அனுப்பிவிடுவதாகத்தான் நினைத்திருந்தாள். எல்லாம் உள்ளே வந்து ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது, ஒரு சொல் விடாமல். சூடு ஏறியதும் மெதுவாக்கிட்டு வெளிய வந்துட்டேன் என்றாளே, அதுவும் இருக்கிறது. மெதுவாக்கிட்டு. வெளிய வந்துட்டேன். வேகமாப் போறப்பவா என்று கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லை என்று இத்தனை நாளாக முள்ளில் மாட்டிக்கொண்டு கிடந்தாளே, பிள்ளை அதே வாரத்தில் தோசைக்கல் பக்கத்தில் உட்கார்ந்து பதிலைச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள். கேட்கத்தான் இவளுக்கு மனசில்லை.

"அம்பது குடுங்க" என்றாள். தன் குரல்தானா என்று இருந்தது. "அஞ்சு அம்பது. முன்னால அஞ்சு இருக்கோணும், பின்னால அம்பது." கடைக்காரர் டின்னைத் திருப்பி நம்பரைக் காட்டினார். மரகதம் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்தைத் தொட்டுத் தொட்டுப் படித்தாள். டாக்டர், "போச்சு, இனி நாளைக்கு நாலு சுத்துக்கூடத் தாங்க மாட்டேன், முதல் சுத்துலயே கையை நீட்டிர்றேன்" என்று சொல்லிவிட்டு வேறு எதையும் வாங்காமலே இறங்கிப் போனார். பஸ்ஸில் இரண்டு டின்னையும் மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் உள்ளே மெல்லக் களக் களக்கென்றது. ஏழு மாதத்தில் உள்ளே புரளுமே, அந்த மாதிரி. வாய் ஒரு நம்பரையும் சொல்லவில்லை. அம்பாள் பேரும் உடனே வரவில்லை. தாயே, நான் ரெண்டு தரம் கேட்டதை மனசுல வெச்சுக்காத, முதல்ல சொன்னதையும் நீதான் சொன்ன, ரெண்டாவதா வந்தது என் பயம், என்று சொல்லிக்கொண்டாள். அப்புறம் அதுவும் சரிதானா என்று தெரியவில்லை. இரண்டும் ஆத்தாளே சொன்னதாக இருக்கலாம். பிள்ளை போகட்டும், நீ பயந்துகொண்டும் இரு. அப்படியும் ஒரு பதில் உண்டோ என்னவோ.

போர்ட்டிக்கோவில் இரண்டு கால் வெளியே தெரிந்தது. செருப்புச் சத்தம் கேட்டதும் கட்டை விரல் ஆடியது. "கெடைச்சுதாம்மா?" என்றபடி கருணாம்பிகை புழுப் போல நெளிந்து வெளியே வந்தாள், நெற்றியில் ஒரு கறுப்புத் தீற்று. "நாப்பது இல்லை கண்ணு. அம்பது வாங்கிட்டு வந்துட்டேன். வாங்காதேன்னுதான் சொன்ன. நீதான் அன்னைக்குத் தோசை சாப்பிடறப்ப..." மகள் டின்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடி டின்னைப் பார்த்தாள். "எங்கம்மா கெடைச்சுது இது? நானே ரெண்டு மாசமாத் தேடறேன்." அதோடு நிற்காமல், "நீ சட்னி போதுமான்னுதானே கேட்ட அன்னைக்கு?" என்றாள். மரகதம் டின் மூடியைச் சுற்றின சீல் பட்டையைப் பிரிக்கப் பார்த்தாள், நகம் நுழையவில்லை, மகள் பிரித்தாள். நீயே ஊத்தும்மா என்று மகள் புனலை வைத்துக் கொடுத்தாள். தேன் நிறத்தில் இறங்கியது. வாசம் ஒன்றும் பெரிதாக இல்லை. கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு, சத்தமில்லாமல், அந்த இருட்டு வாய்க்குள் போய்க்கொண்டே இருந்தது. விளக்குக்கு ஊற்றுகிற கை, கரை தொடும்வரை நிறுத்திப் பழகாத கை. நாலு லிட்டரும் போய் அடுத்த டின்னைச் சாய்த்தபோது, "மெதுவா, மெதுவா, இரும்மா, அளவு பாக்கலாம்" என்று மகள் ஒரு நீளக் கம்பியை உருவினாள். நுனியில் இரண்டு கோடு. "கீழ்க் கோட்டுக்குக் கீழ போகக் கூடாது, மேல் கோட்டுக்கு மேல ஏறக் கூடாது." "கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதானே சாமி?" "இல்லம்மா. கூட இருந்தா உள்ள அடிச்சு நுரையாயிரும். நுரை எதையும் தாங்காது. தொடைக்கச் சுத்தமான துணி ஒண்ணு குடேன், இதெல்லாம் பிசுக்கா இருக்குது."

மரகதம் சுற்றிப் பார்க்கவில்லை. இடுப்பிலிருந்த முந்தானையை உருவி நீட்டினாள். "ஐயோ, நல்ல சேலைம்மா." "தொடை." நுனியில் முடிச்சு இருந்தது, அதை அவிழ்த்தபோது இரண்டு பொட்டலமும் இலை விரிந்து தரையில் விழுந்தன, ஒரு வெள்ளை அரளி, ஒரு செவ்வரளி, இரண்டும் பாதி வாடி. மகள் குனிந்து எடுத்தாள். இந்த ஊரில் பிறந்தவள்தானே, என்ன பூ, எதற்குக் கேட்டது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "ரெண்டுமா வந்துது?" என்று மட்டும் கேட்டாள். மரகதம் தலையை ஆட்டினாள். "ரெண்டு தரம் கேட்டியா?" அதற்கும் ஆட்டினாள். மகள் சிரிக்கவில்லை, கேலியும் பண்ணவில்லை. இரண்டு பூவையும் ஸ்டியரிங் பக்கத்து மேடையில் ஒன்றாக வைத்தாள். கம்பியைப் பச்சைக் கரையில் ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்தாள், உள்ளே விட்டாள், எடுத்தாள், வெளிச்சத்தில் பிடித்து அம்மாவுக்குக் காட்டினாள். இரண்டு கோட்டுக்கும் நடுவில், மேல் கோட்டை ஒட்டினாற்போல், ஒரு மஞ்சள் மினுமினுப்பு நின்றது. "இந்தக் கறை போகாதும்மா." "போகாட்டிப் போகுது" என்றாள் மரகதம். முந்தானையைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டாள், ஈரம் வயிற்றில் பட்டது, புது எண்ணெய் சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. வண்டியின் சிவப்பை ஒரு தரம் முழுசாகப் பார்த்தாள். அப்புறம், நாளைக்குப் பால்காரரிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே கேட்டாள்.

"அங்க உக்கார நெழலு இருக்குதா கண்ணு?"